மூணாவது ஆளு

ஆமாங்க, நாந்தான். பாலம் தாண்டுனதுலருந்து ஓரக்கண்ணுல பாத்துட்டே வர்றீங்களே தம்பி, கேட்டுப்போட வேண்டியதுதான? செல்லுல நான் கொஞ்சம் கறுப்பாத் தெரியறேன்னு எங்கூட்டுக்காரி சொல்லுவா. நேர்ல அதவிடக் கறுப்புங்க.

'ரெட்டைக் கொலை சென்னியப்பனின் உயிர் நண்பர் ராக்கியண்ணன்.' வீடியோவுல கீழ அப்படித்தான் எழுத்து ஓடும். உயிர் நண்பர்னு போடச் சொல்லி நான் கேக்கல. போட வேண்டாம்னும் சொல்லல.

நீங்க எதுவரைக்கும்? ஈரோடு பஸ் ஸ்டாண்டா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னால சோலார் ஸ்டாப்புல எறங்கோணும். அங்க ஒரு வக்கீலம்மா இருக்குது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் சோலி. ஒண்ணரை மணிக்குள்ள போட்டாகோணும். அந்தம்மா அதை எடுத்துட்டு மத்தியான ரயிலுக்கு மெட்ராசுக்குக் கெளம்புது. நாளைக்குக் காலைல சென்னியப்பனோட பரோல் மனு கோர்ட்டுல வருது. அவங்கம்மா கெடையில கெடக்குது. தண்ணி எறங்கி மூணு நாளாச்சு. அந்தம்மா கண்ணு மூடறதுக்குள்ள பையன் வந்து பாத்தாகோணும். அது என்ற கையெழுத்துல நிக்குது. பாருங்க, தகடு அடிக்கற கைக்கு எப்பேர்ப்பட்ட மரியாதைன்னு.

தகடுதானுங்க நம்ம தொழில். கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறை. இப்ப ஃபோர்மேன். இந்த வண்டி எங்க பட்டறையில கட்டுனதில்ல. எங்க வண்டியா இருந்தா இந்த ஜன்னல் இப்படி ஆடாது.

சென்னியப்பனும் அங்கதான் இருந்தான். நானும் அவனும் ஒரே வருசம் சேந்தோம். இருவத்திரெண்டு வயசு. எட்டு மாசம் ஒண்ணா வேலை பாத்தோம். எட்டே மாசந்தானுங்க. வீடியோவுல எட்டு வருசம்னு வரும். அது எப்படி வந்துச்சுன்னு தெரியல. அவங்க கேட்டாங்க, எட்டுன்னேன். மாசமா வருசமான்னு அவங்களும் கேக்கல.

நான் அப்ப நைட் ஸ்கூல்ல பத்தாவது படிச்சிட்டு இருந்தேன். ஆறு மணிக்கு ஸ்கூலு. பட்டறை விடறது ஏழு. முதலாளிகிட்டப் போயி நின்னா, 'படிச்சு என்ன கலெக்டர் பஸ்ஸா கட்டப்போற'ம்பாரு. சென்னியப்பன்தான் சொன்னான், 'டேய் ராக்கி, நீ போடா. உன்ற தகட்டையும் சேத்து நானே அடிச்சர்றேன்'னு. எட்டு மாசம், தெனமும் அவன் தகட்டை முடிச்சுட்டு என்ற தகட்டுலயும் ஒரு மணி நேரம் ரிவிட் அடிப்பான். நான் பத்தாவது பாஸ். அவன் பாஸ் பண்ணல. படிக்கல, எங்க பாஸ் பண்றது?

அப்பறம் அவன் பட்டறைய விட்டு நின்னுட்டான். ஒரு பைனான்ஸ்ல வசூலுக்குப் போனான். அதோட எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கொறஞ்சு போச்சு. தேர்த் திருவிழாவுல பாத்தா சிரிச்சுக்குவோம். அப்பறம் பதினஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் காலைல அந்த பைனான்ஸ்காரங்க ரெண்டு பேரையும் வெட்டிப்போட்டான். அண்ணன் தம்பி. பக்கத்துல நின்ன டிரைவர் குழந்தசாமி மட்டும் ஓடித் தப்பிச்சான். அவன் சாட்சி சொல்லித்தான் சென்னியப்பனுக்கு ஆயுள் தண்டனை.

பண்ணுனது தப்புங்க. அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ரெண்டு குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. ஏன் பண்ணுனான்னு எனக்குத் தெரியாது. வந்தவங்க எல்லாம் எப்படி வெட்டுனான், எத்தன வெட்டுன்னுதான் கேட்டாங்க. ஏன்னு கேட்ட ஆளை நான் இன்னும் பாக்கல.

வெட்டிப்போட்டுப் பதினோரு நாள் தலைமறைவா இருந்தான். அந்தப் பதினோரு நாளும் எங்க ஊர்ல திருவிழாதானுங்க. தெருமொனை சலூன்காரர் ஒருத்தர் 'ஓடறதுக்கு முந்தி எங்கிட்டத்தான் சேவிங் பண்ணிட்டுப் போனான்'னாரு. அடுத்த தெரு சலூன்காரர் 'இல்ல, எங்கிட்ட'ன்னாரு. மொத்தம் நாலு பேருங்க. அவன் தாடி வளத்தவன். ஒரு டீச்சர், அவன் படிக்காத ஸ்கூல்ல, அவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தேன்னு பேப்பர்ல பேட்டி குடுத்தாங்க. எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. நாம அப்படி இல்லன்னு ஒரு நெனப்பு.

எங்கிட்ட ஒரு போட்டோ இருந்துச்சு. ஆயுத பூஜை அன்னைக்கு எடுத்தது. எங்க பட்டறையில ஒரு வழக்கமுங்க, பூஜை முடிஞ்சதும் அவங்கவங்க தொழில் சாமானக் கையில புடிச்சுட்டு வரிசையா நிக்கோணும். பதினாலு பேரு. பெயிண்டர் துப்பாக்கியோட நிப்பாரு. பெயிண்ட் அடிக்கற துப்பாக்கிங்க, பயந்துக்காதீங்க. சென்னியப்பன் சுத்தியலோட. சாமானுக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வெச்சது முதலாளியம்மா. அவங்களுக்குத் தாராள மனசு. சுத்தியல் தலை பூரா குங்குமத்த அப்பீட்டாங்க. அது அவன் கை வேர்வையில கரைஞ்சு காம்பு வரைக்கும் வடிஞ்சிருந்துச்சு.

வாரப் பத்திரிகைக்காரர் ஒருத்தரு வந்து, 'குரூப் போட்டோதானுங்க, பாத்துட்டுத் தர்றேன்'னு வாங்கிட்டுப் போனாரு. அடுத்த வாரம் அட்டையில அவன் மட்டும். பதிமூணு பேரையும் வெட்டிப்போட்டு, சுத்தியலும் அவனும் மட்டும். சுத்தியல்ல செவப்பா வடியுது. கீழ 'அப்போதே...'ன்னு போட்டு மூணு புள்ளி. அந்த மூணு புள்ளிக்கு என்ன அர்த்தம்னு எங்க நைட் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கலீங்க.

அவன் வெட்டுனது அரிவாள்ல. ஆனா இன்னைக்கும் ஊர்ல கேட்டுப் பாருங்க, சுத்தியல்ல அடிச்சுக் கொன்னான்னுதான் சொல்லுவாங்க. அந்த போட்டோதான் காரணம். நெசத்தைச் சொல்லோணும்னா, அட்டையப் பாத்தப்ப எனக்கு வருத்தம் அதுல இல்ல. பக்கத்துல நின்ன என்னையும் வெட்டிப்போட்டாங்களேன்னுதான்.

கொடுமுடி வந்துருச்சா? சரி சரி, இன்னும் நேரம் இருக்குது.

அப்பறம் பத்துப் பதிமூணு வருசம் யாரும் எட்டிப் பாக்கல. போன வருசம் சேனல்காரங்க வந்தாங்க. தீபன்னு ஒரு தம்பி. நல்ல தம்பிங்க, கும்பிட்டுட்டுத்தான் பேசும். பழைய குத்தவாளிங்களப் பத்தி வாரா வாரம் போடறாங்களாம். 'உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்கண்ணா'ன்னுச்சு. சொன்னேன். அவன் ரெண்டு போசி சோறு திம்பான், பேசவே மாட்டான், எனக்கோசரம் தகடு அடிச்சான், எல்லாம் சொன்னேன். நைட் ஸ்கூல் கதையச் சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு.

அந்த வீடியோவ முன்னூறு பேரு பாத்தாங்க. அதுல பாதி எங்க ஒறம்பரைச் சனம்.

தீபன் வந்து தலையச் சொறிஞ்சுது. 'அண்ணா, நீங்க சொல்றது ஒரு நல்ல மனுசனப் பத்தி இருக்குது. நல்ல மனுசனப் பாக்கறதுக்கு ஆருங்கண்ணா செல்லத் தொறப்பாங்க?'

நாயந்தானுங்களே. நானே தொறக்க மாட்டேன்.

ரெண்டாவது வீடியோவுல கொஞ்சம் உப்புப் போட்டேன். தலைமறைவா இருந்தப்ப ஒரு ராத்திரி எங்கூட்டுக்கு வந்தான், கதவத் தட்டுனான், கம்மஞ்சோறு கரைச்சுக் குடுத்தேன், குடிச்சுட்டு இருட்டுல போயிட்டான்னு. ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்க. எங்கூட்டுக்காரி பாப்பாத்தியும் பாத்துட்டா.

'ஏனுங்க, அவரு எப்பங்க நம்மூட்டுக்கு வந்தாரு?'

'அப்ப நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிருந்த.'

'பதினோரு நாளும் இங்கதானுங்க இருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல். கம்மங்கூழு நாந்தான் கரைச்சுக் குடுத்தேன், உங்களுக்கு.'

பொம்பளைங்களுக்கு ஞாபக சக்தி ஜாஸ்திங்க. அது ஒரு குடும்பத்துக்கு ஆகாது.

ஆனா ஊர்ல மரியாதைய நீங்க பாக்கோணுமே. டீக்கடையில எந்திரிச்சு எடம் குடுக்கறான். சம்பந்தி வூட்டுல, பொண்ணுக் குடுத்தப்பக்கூடப் போடாத நாற்காலியப் போடறாங்க. பட்டறைக்கு வண்டி கட்ட வர்ற முதலாளிமாருங்க எல்லாம், 'நீங்கதான அந்த ராக்கியண்ணன்'னு கேட்டுட்டுத்தான் வண்டியப் பத்திப் பேசறாங்க. முப்பது வருசம் தகடு அடிச்சதுக்கு ஒருத்தன் கேக்கல. மத்தபடி இதுல நான் சம்பாரிச்சது ஒண்ணும் இல்லீங்க. ஒரு சால்வை, பஸ் சார்ஜு, மத்தியானம் பிரியாணி. தீபன் கார் வாங்கீருச்சு. நல்லா இருக்கட்டும்.

மாசி மாசம் மரகதம் வந்துச்சு. சென்னியப்பனோட தங்கச்சி. இட்டிலிக் கடை வெச்சு அம்மாவயும் பாத்துட்டு இருக்குது. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'அண்ணா, ஜெயிலுக்கு மனுப் போட்டு எங்கண்ணனப் பாக்கோணும், கூட வர்றீங்களா?'ன்னு கேட்டுச்சு. போனேன். மனுவ நாந்தான் எழுதுனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னான். தலை பூரா நரைச்சுப் போச்சு. என்னைய அடையாளம் தெரியறதுக்குச் சித்த நேரம் ஆச்சு.

என்ன பேசுனான்னா, 'அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்குது?'ன்னான். 'ஊறுகா கொண்டாந்தியா மரகதம்?'ன்னான். அப்பறம் எம்பக்கம் திரும்பி, 'டேய் ராக்கி, நீ அந்தப் பரிச்சை பாஸ் பண்ணிட்டயா?'ன்னான்.

முப்பது வருசம் கழிச்சுங்க. பாஸ்னு சொன்னேன். 'அப்பச் சரி'ன்னான். மணி அடிச்சுட்டாங்க. அவ்வளவுதான் பேச்சு.

வெளிய வந்தா தீபன் போன். 'அண்ணா, ஜெயில்ல பாத்தீங்களாமா? என்ன சொன்னாரு?' ஊறுகான்னு எப்படிங்க சொல்றது? நீங்களே சொல்லுங்க தம்பி. பங்குனியில வீடியோ எடுக்கறாங்க, எம்முன்னால லைட்டு, நெஞ்சுல மைக்கு, தீபன் கண்ணு கொட்டாம என்னையப் பாக்குது. நான் சொன்னேன், 'ரெண்டு பேரு போயாச்சு, மூணாவது ஆளு பாக்கி இருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னான்.'

அவன் அப்படிச் சொல்லவே இல்லீங்க. நானாச் சேத்துக்கிட்டது. பொய்.

சொல்லிட்டன் பாருங்க. வாயத் தொறந்து ஆருகிட்டயும் இதச் சொன்னதில்ல. நீங்கதான் மொதல் ஆளு. உங்க பேரு என்னன்னுகூட நான் கேக்கல.

இருவத்திமூணு லட்சம் பேருங்க. அதுல ஒருத்தன் டிரைவர் குழந்தசாமி. அவன் பயந்துபோயி, குடும்பத்தோட போயி போலீசுல எழுதிக் குடுத்துட்டான். 'அவன் வெளிய வந்தா என்னைய முடிச்சுருவான், சினேகிதன் வாயாலயே வந்துருச்சு'ன்னு. அவனச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்கும் புள்ளைங்க இருக்குது. ஆனியில அம்மாவுக்கு முடியலேன்னு பரோல் கேட்டப்ப, இந்த வீடியோவக் காட்டி ஜெயில்ல இல்லேன்னுட்டாங்க. அதான் இப்பக் கோர்ட்டு.

போன ஞாயித்துக்கெழமை மரகதம் எங்கூட்டுக்கு வந்துச்சு. உக்காரச் சொன்னேன், உக்காரல.

'அண்ணா, நான் சண்டைக்கு வரல'ன்னுச்சு.

'சொல்லு மரகதம்.'

'அன்னைக்கு நானும் உங்ககூடத்தான நின்னேன்? எங்கண்ணன் அப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேக்கலீங்களே. நான் ஊறுகாயக் குடுக்கறதுக்கு அங்கிட்டுப் போனப்ப உங்ககிட்டத் தனியாச் சொன்னாங்களா?'

பாருங்க தம்பி, அந்தப் புள்ளை எனக்கு ஒரு சந்து விட்டுது. ஆமான்னு சொன்னா நான் தப்பிச்சேன். இல்லேன்னு சொன்னா அது தப்பிச்சுது. நான் ரெண்டும் சொல்லாம, 'காப்பி குடிக்கறயா?'ன்னேன்.

உள்ளாறருந்து பாப்பாத்தி சத்தம் போட்டா. 'காப்பித்தூள் இல்ல. நெசம் ஏதாச்சும் இருந்தா எடுத்துக் குடுத்து அனுப்புங்க.'

மரகதம் சொல்லுச்சு, 'எம்பையன் வெவரம் தெரியாம அந்த வீடியோவ அம்மாகிட்டக் காட்டீட்டாங்கண்ணா. அம்மா மொதல்ல நம்பல. எம்மகன் அப்படிப் பேச மாட்டான்னுச்சு. அப்பறம் உங்க மூஞ்சிய நல்லா உத்துப் பாத்துட்டு, இது ராக்கியண்ணன்தான, படிச்ச பையனாச்சே, பொய் சொல்ல மாட்டானேன்னுச்சு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துருச்சு. அதுக்கு முந்தியெல்லாம் பையன் எப்ப வருவான், எப்ப வருவான்னு கேட்டுட்டே கெடக்கும். இப்ப அதக் கேக்கறதில்ல. அந்த மூணாவது ஆளு பத்திரமா இருக்கறானான்னு கேக்குது. தெனமும் காலைல கேக்குது.'

என்னங்க, இந்த ஜன்னல் வழியாத் தூசி வருது. சாத்த முடியுதா பாருங்க. நாங்க கட்டுன வண்டியா இருந்தா சாத்திக்கலாம்.

மரகதம் அழுகல. வக்கீலம்மா பேரு, எடம், எல்லாம் ஒரு காயிதத்துல எழுதி வாங்கிட்டு வந்திருந்துச்சு. குடுத்துட்டு, 'நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், எங்கண்ணன் வந்து ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போயிருவாங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

நான் வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணுனேன். தமயந்தின்னு பேரு. நல்ல மாதிரிதான். 'அம்மா, ஞாபகப் பிசகா அப்படிச் சொல்லிப்போட்டேன்னு எழுதிக்கலாங்களா?'ன்னேன்.

'பிசகுன்னு எழுதுனா பரோல் வராதுங்கய்யா. பொய்னு எழுதோணும். நான் வேணும்னே சொன்ன பொய்னு எழுதோணும். நேர்ல வந்து, படிச்சுப் பாத்து, கையெழுத்துப் போடோணும்.'

'வேற வார்த்தை ஒண்ணும் இல்லீங்களா?'

'தமிழ்ல இருக்கறதே அதுதானுங்கய்யா.'

பொய். ரெண்டே எழுத்து. அதுக்குக் கீழ என்ற பேரு, அப்பா பேரு, பட்டறை விலாசம், எல்லாம். கோர்ட்டுல படிப்பாங்களாம். அப்பறம் அந்தக் கம்மஞ்சோறும் பொய்யான்னு கேப்பாங்க. எட்டு வருசமும் பொய்யான்னு கேப்பாங்க. டீக்கடைக்காரன் கேப்பான். சம்பந்தி நாற்காலிய எடுத்துருவாரு. குழந்தசாமி எம்மேல கேஸ் போட்டாலும் போடலாமாம். இதெல்லாம் ஒரு ஆளு ரோசனை பண்ணத்தான செய்வான்? தீபன்வேற எப்படியோ மோப்பம் புடிச்சு, 'அண்ணா, கோர்ட்டுக்கு முந்தி நம்ம சேனல்ல உண்மையச் சொல்லீருங்க, லைவ்வு போட்டர்லாம்'னுது. கண்டிப்பாச் சொல்லிட்டேன், ஒரு சாவு வூட்டு சமாச்சாரத்த வெச்சு வேவாரம் பண்ணாதீங்கன்னு. நாளைக்கு வேணா பேசலாம்னுட்டேன்.

ஏனுங் கண்டக்டரே, என்னத்துக்கு என்னையப் பாத்துச் சிரிக்கறீங்க?

சரி, நீங்க கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன். நேத்தும் இதே வண்டிதான் வந்தேன். முந்தா நாளும் வந்தேன். சோலார்ல எறங்கலாம்னு எந்திரிக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி ஒரு டீயக் குடிச்சுட்டுத் திரும்பீட்டேன். அவரு வெளையாட்டுக்கு, 'அண்ணனுக்கு மாசப் பாஸ் எடுத்துரலாமா?'ங்கறாரு. இன்னைக்கு எறங்கீருவேன். இன்னைக்கு விட்டா நாளைக்கு மனு முடிஞ்சு போகும். சென்னியப்பன் அம்மாவும் நாளைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லீட்டாராம். காலைல மரகதம் போன் பண்ணுச்சு. 'கெளம்பீட்டீங்களாண்ணா?' அவ்வளவுதான் கேட்டுச்சு. 'பஸ்ல உக்காந்துட்டேன்'னேன். அது நெசந்தான்.

பாசூர் தாண்டியாச்சுங்களா? அப்ப அடுத்தது சோலார்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. மூணாம் மனுசர் நீங்க. நான் பண்ணுனது பெரிய தப்பா? அவன் கொலைகாரன்னு நானா சொன்னேன்? கோர்ட்டே சொல்லீருச்சு. நான் ஒரு வரிதான் சேத்தேன். அந்த ஒரு வரியத்தான் அந்தம்மா நம்பீருச்சு. எட்டு மாசம் எனக்கோசரம் தகடு அடிச்ச கையிங்க அது. அதே கையால அவங்கம்மா வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் குடுத்து வெக்கல. நேத்து ராத்திரி பாப்பாத்தி எனக்குச் சோறு போட்டுட்டு, எதுக்க உக்காந்து, 'நீங்க திங்கறத நான் பாத்துட்டு இருக்கட்டுமா?'ன்னா. என்னால திங்க முடியலீங்க.

சரிங்க, எந்திரிக்கறேன். காலச் சித்த ஒதுக்குங்க.

அதென்னங்க தம்பி? பைக்கு மேல செல்ல நிமுத்தி வெச்சிருக்கீங்க? எந்திரிச்சாத்தான தெரியுது. என்ற இடுப்பு அதுல தெரியுது. பக்கத்துல நேரம் ஓடிட்டு இருக்குது.

பதறாதீங்க, பதறாதீங்க. அழிக்க வேண்டாம். நான் ஒண்ணும் சொல்லல. மொதல்லருந்தே எடுக்கறீங்களா? சத்தம் தெளிவா இருக்குதா, இல்ல வண்டி எரைச்சலா?

அப்ப ஒண்ணு பண்ணலாமே. நகருங்க, உக்காந்துக்கறேன். வக்கீலம்மா நம்பர் இந்தக் காயிதத்துல இருக்குது. இத அப்படியே அந்தம்மாவுக்கு அனுப்பீருங்க. கையெழுத்தவிட இது ஒசத்தியாச்சே? என்ற மூஞ்சி, என்ற வாயி. ரயில்லயே பாத்துக்கட்டும். மரகதத்துக்கும் அனுப்பலாம், அவங்கம்மாகிட்டக் காட்டட்டும். நேர்ல போயி நின்னு என்ன ஆகப்போகுது?

கண்டக்டரே, விசில் குடுங்க. நான் எறங்கல. ஆமா, இன்னைக்கும் இல்ல. சிரிங்க, சிரிங்க.

இருங்க தம்பி, அனுப்பறதுக்கு முந்தி. நடுவுல ஒரு எடம் வருதுல்லீங்க, அவன் அப்படிச் சொல்லவே இல்ல, நானாச் சேத்ததுன்னு. அந்த ஒரு எடத்த மட்டும் எடுத்துப்போடுங்க. கேக்கறதுக்குச் சங்கடமா இருக்குது. மிச்சமெல்லாம் இருக்கட்டும். மிச்சம் பூரா நெசந்தானுங்க.